வேப்பிலை கட்டாத வாசல்

காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் இன்றைக்கும் எனக்குச் சாதாரணச் சத்தம் இல்லை. காலையும் மாலையும் அடுப்படியில் நிற்கிறவள்தான் நான், கடுகும் கறிவேப்பிலையும் போடாமல் என் வீட்டில் எந்தக் குழம்பும் இறங்குவதில்லை. ஆனாலும் முதல் கடுகு தெறிக்கும்போது கரண்டியைப் பிடித்தபடியே கண்ணை மூடி "மாரியாத்தா, தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் போடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் மருமகள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் அத்தை என்று கேட்டதற்கு அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கோர்வையாகச் சொல்ல வருமோ வராதோ, வந்த மட்டும் எழுதுகிறேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில் போனால் ஒரு மாந்தோப்பு, அதன் நடுவில் "துரை பங்களா" என்று எல்லாரும் சொல்லும் ஒரு பெரிய வீடு. வெள்ளைக்காரன் ஒருவன் தோப்பு வைத்து, யானைமலை நேராகத் தெரிகிற மாதிரி வாசல் வைத்துக் கட்டியது. சுற்றிலும் வராந்தா, பச்சை வர்ணம் உரிந்த ஜன்னல் கதவுகள், கூரை உத்தரத்தில் துரைக்குக் காற்று வீச, கயிறு கட்டி இழுக்கும் பங்கா தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள். அந்தக் கொக்கிகள் எதற்கென்று தெரியாமல், துரை மாமரத்துப் பழத்தையெல்லாம் குலைகுலையாக வீட்டுக்குள் தொங்கவிட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில் அது மதுரையில் நூல் வியாபாரம் செய்த ஒருவர் கையில் இருந்தது. நாங்கள் அவரை "மொதலாளி" என்போம். என் அய்யா அங்கே தோப்புக் காவல், அம்மா வீடு கூட்டி, முதலாளி குடும்பம் வந்தால் சமைப்பாள். பங்களாவுக்குப் பின்னால் இருந்த "அவுட்டவுசு" எங்கள் வீடு. நான், அய்யா, அம்மா, மூன்று வயதில் என் தம்பி பாண்டி. எங்களுக்கென்று அதைத் தவிர ஒரு கூரையும் கிடையாது. அய்யா கூலிவேலைக்குப் போன ஊர்களிலெல்லாம் ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த குடும்பம் எங்களுடையது. சுவர் வைத்த வீட்டில் படுத்ததே அந்தத் தோப்புக்கு வந்த பிறகுதான்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அதற்கு முந்தின வருஷமும் சரியாக வரவில்லை. மாமரங்கள் பூ வைத்து, பூ கருகி, இலையெல்லாம் ஓரம் சுருண்டு நின்றன. கிணற்றில் வாளியை விட்டால் கயிறு முழுசும் போய், அடியில் கல்லில் மோதுகிற சத்தம் கேட்கும். முதலாளிக்கு நூல் வியாபாரமும் படுத்துவிட்டது என்று பேச்சு. அப்போதுதான் யாரோ அவருக்கு ஒரு யோசனை சொன்னார்கள்: மீனாட்சி கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு டவுனில் லாட்ஜில் இடம் கிடைப்பதில்லை, பழைய துரை வீடு என்றால் ஆசையாக வந்து தங்குவார்கள், ராத்திரி தங்க இடமும் காலையில் பலகாரமும் கொடுத்தால் போதும் என்று. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல்களுக்குப் பச்சை பூசினார்கள், கட்டில்களுக்குக் கொசுவலை வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு முதல் விருந்தாளிகள் என்று முடிவானது. வேலையெல்லாம் முடிந்த அன்று முதலாளி வராந்தாவில் நின்று அய்யாவிடம் சொன்னதை நான் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"இந்தத் திருவிழாவுக்கு இது ஓடுச்சுன்னா தோப்பும் இருக்கும், நீயும் இருப்ப. ஓடலேன்னா மரத்த வெட்டி வெறகுக்குப் போட்டுட்டு எடத்த வித்துருவேன். ஒங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

அய்யா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அம்மா அன்றைக்கே பங்களா அடுப்படியை மெழுகி, சாமி கும்பிட்டு, பூரி போட்டுப் பார்த்தாள், வடை சுட்டுப் பார்த்தாள், வெண்பொங்கலுக்கு மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் பார்த்தாள். "வெள்ளைக்காரன் நாக்குக்கு மொளகு ஆகுமா?" என்று அய்யா கேட்டதற்கு, "தின்னுட்டு அவனே சொல்லட்டும், நீ ஏன் கண்ணீர் விடுற?" என்றாள். நானும் பாண்டியும் சோதனை வடைகளைத் தின்றே வயிறு நிறைந்தோம். அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் காலையில் பாண்டிக்கு உடம்பு கொதித்தது. கண் சிவந்து மூக்கு ஒழுகியது. சாயங்காலம் காதுக்குப் பின்னால் மணல் தூவின மாதிரி பொடிப்பொடியாகத் தடிப்பு. அம்மா விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். அம்மை என்று நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். "ஆத்தா வந்திருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆத்தா வந்த வீட்டுக்கு ஒரு முறை உண்டு, அது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்ட வேண்டும். அதைப் பார்த்ததும் வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, முட்டையும் கறியும் ஆகாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளிப்பு வாசம் பிள்ளை மூக்கில் படவே கூடாது. தாளிப்பு வாசம் பட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், உடம்பில் போட்ட முத்து கண்ணில் இறங்கிவிடும் என்பார்கள். ஆத்தா இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பிள்ளையை வாசல் தாண்டி எடுத்துப் போகவும் கூடாது. எங்கள் வீட்டுக்குத் தனி அடுப்பு என்று ஒன்று கிடையாது, பங்களா அடுப்படியில் ஆக்கித்தான் நாங்களும் சாப்பிட்டோம். கிணறும் ஒன்றுதான், தோப்புக்கு வாசலும் ஒன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் அம்மா குளித்துவிட்டு, பெரிய வாசலுக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கேட்டில் கட்டப் போனாள். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார்.

"என்ன செய்ற நீ?"

"மொதலாளி, பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்கு."

அவரும் சட்டென்று கும்பிட்டார். அவரும் நம்பிக்கை உள்ளவர்தான், அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளைக்காரனுக்கு வேப்பிலை தெரியாது. ஆனா கூட்டிட்டு வர்ற டிரைவருக்குத் தெரியும்ல? வாசல்லயே காரத் திருப்பிருவான். அப்பறம் டவுன் பூராம் சொல்லுவான். இன்னைக்கு மட்டும் இத இங்க கட்டாத தாயி. ஒன் வீட்டு நெலையில கட்டிக்க. எனக்கும் வேற வழி இல்ல."

அம்மா கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அய்யாவைப் பார்த்தாள். அய்யா தரையைப் பார்த்தார்.

கடைசியில் அய்யாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்றா சொல்வது? போக்கற்றவர்கள் சாமியிடம் பேசுகிற பேரம் அது. தென்னங்கீற்றை முடைந்து பங்களாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி கட்டி நிறுத்தினார். "தட்டிக்கு அங்குட்டு வேற வீடு, இங்குட்டு வேற வீடு. அங்க ஆக்குறது இங்க சேராது" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலை கட்டினோம். மூன்று கல் வைத்து எங்களுக்கென்று கஞ்சி காய்ச்சினோம். அம்மா ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டாள்: பங்களா அடுப்படியில் தாளித்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் கிணற்றடியில் தலையோடு குளித்து, ஈரச் சேலையோடுதான் தட்டியைத் தாண்டிப் பிள்ளையைத் தொடுவாள்.

கார் வந்தது. ராசு அண்ணன் என்ற டிரைவர் ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவியைக் கூட்டி வந்தார். அவர்கள் நல்ல மனுஷர்கள். வராந்தாவில் உட்கார்ந்து யானைமலையைப் பார்த்து ஏதேதோ சொன்னார்கள், பொங்கலை வழித்துச் சாப்பிட்டார்கள். அம்மா பூரி எடுத்து வைத்துவிட்டுக் குளிப்பாள், பாண்டிக்கு வேப்பிலையால் தடவிவிட்டு இளநீர் கொடுப்பாள், மறுபடி ஓடுவாள், சட்டினிக்குத் தாளிப்பாள், மறுபடி குளிப்பாள். சித்திரை வெயிலில் அவள் சேலை உடம்பிலேயே காய்ந்து, உடம்பிலேயே நனைந்தது. கிணற்றடியில் கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றி வாய்க்குள் வேண்டிக்கொண்டு நின்றவளை அந்த வெள்ளைக்காரம்மா வராந்தாவிலிருந்து போட்டோ பிடித்தாள். ராசு அண்ணனிடம் எதையோ ஆசையாகச் சொன்னாள்.

"என்னண்ணே சொல்றாக?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுல பக்தி ரொம்ப சாஸ்தினு சொல்றாக பாப்பா. இம்புட்டுக் குளிச்சுச் சாமி கும்பிடுறவுகள எங்கயுமே பாக்கலயாம்."

அம்மா காதிலும் அது விழுந்தது. "சொல்லட்டும் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு தட்டிக்குள் வந்தாள். துடைத்தது கிணற்றுத் தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியாது. ராசு அண்ணன் தட்டியையும் அம்மாவின் ஈரச் சேலையையும் மாறிமாறிப் பார்த்தார், ஆத்தா வந்த வீடென்று புரிந்துகொண்டார். மறுநாள் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் அந்தத் தோப்புக்குள் இறங்கினார். டவுனில் வாயும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவருக்காக ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

ராத்திரி அய்யா சைக்கிளில் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்தார். பாண்டிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வாயெல்லாம் புண், அழக்கூடச் சத்தம் வராமல் பூனைக்குட்டி மாதிரி முனகினான்.

கிணற்றுத் தண்ணீர் அடுத்த நாள் சேறு கலங்கி வந்தது. விருந்தாளிகள் குளிக்கிற அறையில் தண்ணீர் வரவில்லை என்று முதலாளி பின்பக்கம் வந்தார், அம்மா தலையில் ஊற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "ஏம்மா, இருக்குறது ஒரு வாளித் தண்ணி. அதையும் நீயே ஊத்திக்கிட்டா அவுகளுக்கு நான் எங்க போறது? டவுனுக்குப் போறோம்னு பெட்டியக் கட்டிட்டாகன்னா எல்லாம் போச்சு" என்றார். அவர் கத்தவில்லை, கெஞ்சினார். கத்தியிருந்தால் அம்மா பதில் சொல்லியிருப்பாள்.

அவர் போனபிறகு அம்மா வடை சுட்டாள், சாம்பாருக்குத் தாளித்தாள். குளிக்கவில்லை. தட்டிக்கு அந்தப்பக்கம் வெகுநேரம் நின்றாள். முந்தானையை மோந்து பார்த்தாள், உதறினாள், வேப்பிலையைக் கசக்கிக் கையில் தேய்த்தாள். உள்ளே பாண்டி "யம்மா" என்றான். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. அப்படியே வந்து பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் மேலெல்லாம் கடுகும் பெருங்காயமும் மணத்தது, எனக்கே மணத்தது.

அன்று மத்தியானம் பாண்டியின் இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கிப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அம்மா தீர்த்தத்தால் துடைத்துத் திறந்து பார்த்தாள். கருவிழி மேல் பால் தெளித்த மாதிரி இருந்தது.

அம்மா அலறவில்லை. "ஏங்க" என்று அய்யாவைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அய்யா பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உதறிப் பாண்டியைச் சுற்றித் தூக்கினார். தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வாசல் தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "ஆத்தா என்னயத் தண்டிக்கட்டும், நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வாரியா இல்லையா?" என்றார். அம்மா நிலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

பெரிய வாசலுக்கு வந்தபோது அங்கே இன்னொரு கார் நின்றுகொண்டிருந்தது. புதிதாக வந்த வெள்ளைக்காரர்கள், பெட்டிகள், முதலாளி சிரித்துக்கொண்டே கும்பிட்டு வரவேற்கிறார். அம்மா கையில் வேப்பிலையோடு கேட்டுப் பக்கத்தில் நின்றாள். கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. முதலாளியும் பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய், கண்ணால் மட்டும் "வேண்டாம்" என்றார். அம்மா அந்தக் கொத்தைப் பாண்டியின் நெஞ்சில் வைத்து அணைத்துக்கொண்டாள்.

"இந்த வாசல்ல ஒன்னய வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல தாயே" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். மேலூர் ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுரை பஸ் திருவிழாக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு வந்தது. வேப்பிலையைப் பார்த்தால் ஏற்ற மாட்டார்கள் என்று அய்யா துண்டை இழுத்து மூடினார். கண்டக்டர் அதற்குள் பார்த்துவிட்டார். நாங்கள் படியிலேயே கும்பிட்டோம். அவர் உள்ளே திரும்பி, "ஆத்தா வருது, முன்சீட்டு எந்திரிங்கப்பா! எந்திரிம்மா!" என்று சத்தம் போட்டார். அம்புட்டுக் கூட்டமும் விலகியது. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முன்சீட்டில் அம்மா பாண்டியோடு உட்கார்ந்தபோது, பங்களா வாசலில் கிடைக்காத மரியாதை எங்கள் ஆத்தாவுக்கு அந்த பஸ்ஸில் கிடைத்தது. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாண்டி பிழைத்தான். இடது கண் பிழைக்கவில்லை. "கண்ணு செவந்த அன்னைக்கே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா, "நான் தாளிச்சுட்டு வந்து தொட்டுட்டேன்மா" என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதுதான் சரி என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஊசி போட வேண்டிய நாளில் தவறாமல் போட்டேன், வேப்பிலையும் தலைமாட்டில் வைத்தேன். ஆனால் அம்மாவுக்கு அதைப் புரியவைக்க யாராலும் முடியவில்லை. முதலாளி ஒருநாள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வார்டு வாசலிலேயே நின்றார். "வெள்ளைக்காரங்க தண்ணி இல்லன்னு போயிட்டாக" என்றார். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் திரும்பிப் போனபோது அவுட்டவுசு பூட்டியிருந்தது. எங்கள் பாத்திரங்களும் பாயும் வேப்பமரத்தடியில் அடுக்கி வைத்திருந்தன. தோப்பில் கோடாலிச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒத்தக்கடையில் ஓலைக் குடிசை, சித்தாள் வேலை, எப்படியோ வளர்ந்தோம். அம்மா சாகிற வரைக்கும் எந்தச் சட்டியிலும் தாளிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாம்பார் பச்சைச் சாம்பார், ரசம் பச்சை ரசம். வருஷாவருஷம் தெப்பக்குளம் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவாள். கண்மலர் ஜோடியாகத்தான் விற்பார்கள். "ஒரு கண்ணு எனக்கு, இன்னொன்னு ஆத்தாவுக்கு, நாங்க ரெண்டு பேரும் கூட்டாளி" என்று பாண்டி கேலி செய்வான். அம்மா சிரிக்க மாட்டாள்.

பாண்டி இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். போன சித்திரையில் ஒரு நாள் விடியற்காலையில் போன் செய்தான். "அக்கா, கெளம்பி ரோட்டுக்கு வா. ஒரு எடத்துக்குப் போறோம்" என்றான். டெம்போவில் மாவிலையும் செவ்வந்திச் சரமும் கட்டுக்கட்டாக வேப்பிலையும் கிடந்தன. வண்டி திரும்பிய இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. துரை பங்களாதான். கைமாறிக் கைமாறி இப்போது பெரிய விடுதியாகிவிட்டது, பழைய காலத்து வீட்டில் தங்கிக் காலைப் பலகாரம் சாப்பிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஜன்னல்களுக்கு அதே பச்சை. தோப்பில் ஒரு மாமரம் இல்லை, புல்தரை போட்டிருக்கிறார்கள். கிணற்றைக் கம்பி வலை போட்டு மூடிப் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் அவுட்டவுசு இருந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடம். வாசல் வேப்பமரம் நின்ற இடத்தில் கார் நிறுத்தியிருந்தது.

"திருவிழாவுக்கு வாசல்ல வேப்பிலைத் தோரணம் கட்டணுமாம்க்கா. வர்றவுகளுக்கு அழகா இருக்குமாம், போட்டோ எடுத்துக்குவாகளாம். அவுகளே ஆர்டர் குடுத்திருக்காக" என்றான் பாண்டி. சொல்லிவிட்டு ஏணியைச் சாய்த்தான். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, கொத்தை நேராகப் பிடித்துப் பார்த்தான்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அந்த நேரம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. நெய்யும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து வாசலுக்கு வந்தன. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கடுகு வாசம் ஏறிய சேலையோடு ஒரு பொம்பளை அந்தக் கேட்டுப் பக்கம் கையில் கொத்தோடு நின்றது இங்கே யாருக்குத் தெரியும்? பாண்டிக்கே தெரியாது, அவன் துண்டுக்குள் கிடந்தான்.

"கோணலா இருக்காக்கா? பாத்துச் சொல்லு" என்று மேலேயிருந்து கேட்டான்.

கண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நேராத்தான்டா இருக்கு" என்றேன். "காத்துல விழுந்துறாம, நல்லா இறுக்கிக் கட்டு."